போன சீசன் 92, இந்த சீசன் 89: ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் ஃபேன்டசி மதிப்பு ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை?

2024 அக்டோபரில் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-ஐ வைத்து ஃபேன்டசி ஆடியவர்களிடம் ஜெரமி ஸ்வேமன் பெயருக்கு நல்ல கிராக்கி இருந்தது. பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் கோல்கீப்பர். முந்தைய மூன்று சீசன்களில் அவருடைய சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்டுகளில் அவர் தடுத்தவற்றின் பங்கு, 91.4, 92.0, 91.6. அதுவரை அவரோடு ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொண்ட லைனஸ் உல்மார்க்கை அந்த ஜூனில் அணி ஒட்டாவாவுக்கு அனுப்பிவிட்டது. ஆக, இனி எல்லா ஆட்டமும் ஸ்வேமனுக்குத்தான் என்பது பொதுவான கணக்கு.

அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. முந்தைய சீசனின் 44 ஆட்டங்கள் 58 ஆயின. ஆனால் சீசன் முடிவில் அவருடைய புள்ளிவிவரம் இப்படி இருந்தது: 22 வெற்றி, 29 தோல்வி, கூடுதல் நேரத்தில் 7 தோல்வி, சேவ் சதவீதம் 89.2. முதல் சில சுற்றுகளிலேயே அவரை எடுத்தவர்களுக்கு அவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் சுமைதான்.

மூன்று வருடம் நன்றாக ஆடிய ஒருவர் நான்காம் வருடம் இப்படிச் சரிவது கோல்கீப்பர் விஷயத்தில் அபூர்வமில்லை. ஏன் என்று புரிய, எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

இது பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி. கோல்கீப்பரை அங்கே சுருக்கமாக "கோலி" என்பார்கள். நமக்கு அந்தப் பெயர் வேறொருவரை நினைவூட்டும் என்பதால் கோல்கீப்பர் என்றே வைத்துக்கொள்வோம்.

கிரிக்கெட்டில் ஒரே ஒரு மேட்சுக்கு அணி அமைக்கும் ஃபேன்டசி ஆட்டம் பலருக்குப் பழக்கம். ஐஸ் ஹாக்கியில் முழு சீசனுக்கும் ஆடும் வகைதான் அதிகம். அக்டோபரில் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து முறை போட்டு வீரர்களை எடுப்பார்கள், அதுதான் டிராஃப்ட். ஏப்ரல் வரை அந்த வீரர்களின் நிஜ ஆட்டப் புள்ளிவிவரங்களை வைத்து மோதுவார்கள். சில வீரர்களை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் வகைக்குக் கீப்பர் லீக் என்று பெயர். இந்தக் கீப்பருக்கும் கோல்கீப்பருக்கும் சம்பந்தமில்லை.

கோல்கீப்பருக்கு வழக்கமாக எண்ணப்படுபவை இவை:

1. வெற்றி. அணியை ஜெயிக்க வைத்த கோல் விழுந்த நேரத்தில் வலையில் நின்றவருக்கே வெற்றி சேரும்.

2. சேவ் சதவீதம். தன்னை நோக்கி வந்த ஷாட்டுகளில் எத்தனையைத் தடுத்தார் என்பது. ஹாக்கிப் பக்கங்களில் .916 என்று அச்சிடுவார்கள், அதுதான் 91.6 சதவீதம். கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆடும்போது காலி வலைக்குள் விழும் கோல் இவர் கணக்கில் வராது.

3. கோல் சராசரி. 60 நிமிடத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்பது. பத்து நிமிடத்தில் மூன்று கோல் விட்டு வெளியே அழைக்கப்பட்டால் அன்றைய சராசரி 18.00 ஆகிவிடும். ஒரு வாரத்தையே கெடுக்க அப்படி ஒரு இரவு போதும்.

4. ஷட்அவுட். ஒரு கோலும் விடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பது.

5. சேவ்களின் மொத்த எண்ணிக்கை. சில லீக்குகளில் மட்டும்.

இவற்றில் வெற்றியும் கோல் சராசரியும் பாதிக்குமேல் அணியின் கையில் இருப்பவை. சேவ் சதவீதம்தான் கோல்கீப்பரின் சொந்தத் திறமைக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஆனால் நம்பி ஏமாறுவதும் அதில்தான் அதிகம்.

உங்கள் லீக்கின் விதி எந்தப் பக்கம் சாய்கிறது?

ஒரே கோல்கீப்பர் ஒரு லீக்கில் தங்கமாகவும் இன்னொன்றில் தகரமாகவும் இருப்பார். புள்ளி முறை லீக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெற்றிக்கு 4 புள்ளி, ஒவ்வொரு சேவுக்கும் 0.2, விட்ட ஒவ்வொரு கோலுக்கும் மைனஸ் 2. ஷட்அவுட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்த விதியில் ஒரு கோலின் நஷ்டத்தைச் சரிக்கட்டப் பத்து சேவ் வேண்டும். பதினொரு ஷாட்டில் பத்தைத் தடுத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை; அது 90.9 சதவீதம். அதற்குக் கீழே இருப்பவருக்கு வரும் ஒவ்வொரு ஷாட்டும் உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுக்கும். என்.எச்.எல். சராசரியே இப்போது 90-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது ஒரு சாதாரண கோல்கீப்பர் உங்களுக்குப் புள்ளி தருவது வெற்றிகளால் மட்டுமே.

2024-25 சீசனின் இரண்டு முனைகளை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். இருவருக்கும் சுமார் 1600 ஷாட் என்று வைத்துக்கொள்வோம்.

வின்னிபெக் ஜெட்ஸின் கானர் ஹெல்பக்: 92.5 சதவீதம், 47 வெற்றி. 1480 சேவுக்கு 296 புள்ளி, 120 கோலுக்கு மைனஸ் 240, வெற்றிகளுக்கு 188. மொத்தம் 244.

ஸ்வேமன்: 89.2 சதவீதம், 22 வெற்றி. சேவ்களுக்கு 285, கோல்களுக்கு மைனஸ் 346, வெற்றிகளுக்கு 88. மொத்தம் 27.

சதவீதத்தில் வித்தியாசம் 3.3 தான். புள்ளியில் ஒன்பது மடங்கு.

வாராவாரம் ஒவ்வொரு பிரிவிலும் மோதும் லீக்கில் கதை வேறு. அங்கே உங்கள் இரண்டு கோல்கீப்பர்களின் சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக்கூடாது; ஷாட்டுகளைத்தான் கூட்ட வேண்டும். ஒருவர் மூன்று ஆட்டத்தில் 84 ஷாட்டுக்கு 78 தடுத்தார், இன்னொருவர் ஒரே ஆட்டத்தில் 30-க்கு 25 தடுத்தார் என்றால் உங்கள் வாரச் சதவீதம் 114-க்கு 103, அதாவது 90.4. இதனால்தான் அதிக ஆட்டம் ஆடும் நல்ல கோல்கீப்பர் அங்கே அணியைத் தூக்கி நிறுத்துகிறார். அதிக ஆட்டம் ஆடும் மோசமானவர், கூட இருக்கும் நல்லவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்.

ஒரு சீசன் என்பது எவ்வளவு சின்னது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முழுநேரக் கோல்கீப்பர் ஒருவருக்கு ஒரு சீசனில் 1600 ஷாட் வரும் என்று வைப்போம். அவருடைய உண்மையான தரம் 90.5 சதவீதம். ஒவ்வொரு ஷாட்டும் ஒரு நாணயச் சுண்டல் மாதிரி, ஆனால் 90.5 சதவீதம் அவர் பக்கம் விழும் நாணயம். 1600 முறை சுண்டினால் சரியாக 90.5 வருமா? வராது. சாதாரண நிகழ்தகவுக் கணக்குப்படி வழக்கமான விலகல் சுமார் முக்கால் சதவீதம். மூன்றில் இரண்டு சீசன்களில் அவருடைய எண் 89.8-க்கும் 91.2-க்கும் இடையில் விழும். இருபதில் பத்தொன்பது சீசன்களைப் பிடிக்க வேண்டுமென்றால் வேலியை 89-லிருந்து 92 வரை போட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். திறமை துளியும் மாறாத ஒரே மனிதர். 92 வந்த வருடம் விருதுப் பட்டியலில் பெயர் வரும். 89 வந்த வருடம் "இவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள்.

கால் சீசன் ஆடியவரின் எண் இதைவிட மோசமாக ஆடும். 400 ஷாட்டுக்கு வழக்கமான விலகல் ஒன்றரை சதவீதம். 2014-15-இல் ஒட்டாவாவின் ஆண்ட்ரூ ஹாமண்ட் இதற்கு நல்ல உதாரணம். பிப்ரவரியில் யாரும் எதிர்பாராமல் உள்ளே வந்தவர் 20 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, கூடுதல் நேரத்தில் 2 தோல்வி என்று முடித்தார். சேவ் சதவீதம் 94.1. ஹாம்பர்க்ளர் என்ற செல்லப்பெயரும் வந்து, ரசிகர்கள் பனித்தளத்தில் பர்கர் எறியும் அளவுக்குப் போனது. அடுத்த சீசனில் 7 வெற்றி, 11 தோல்வி. எண் 91.4. மோசமில்லை, ஆனால் முந்தைய ஆண்டின் விலையைக் கொடுத்து வாங்கியவருக்கு மோசம்தான்.

ஜேக்கப் மார்க்ஸ்ட்ராமின் கதை இன்னும் பெரியது. 2021-22-இல் கால்கரிக்காக 37 வெற்றி, 92.2 சதவீதம், 9 ஷட்அவுட், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா வாக்கெடுப்பில் இரண்டாமிடம். அடுத்த சீசனில் 23 வெற்றி, 89.2 சதவீதம். இது அதிர்ஷ்டம் மட்டுமா? 2022 ஜூலையில் அந்த அணி ஜானி கொட்ரோ, மாத்யூ கசக் என்ற இரண்டு முன்னணி ஆட்டக்காரர்களையும் இழந்தது. அணியின் புள்ளிகள் 111-லிருந்து 93-ஆகக் குறைந்தன. வெற்றிகள் குறைந்ததற்கு அது காரணமாகலாம். சேவ் சதவீதம் மூன்று புள்ளி சரிந்ததற்குக் கோல் அடிப்பவர்கள் போனது பெரிய காரணமாக இருக்க முடியாது. என் கணிப்பில் 92.2-உம் அவர் அல்ல, 89.2-உம் அவர் அல்ல. அதற்கடுத்த சீசனில் 90.5-க்கு வந்து நின்றார்.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது?

எளிய வழி ஒன்று உண்டு. கையில் இருக்கும் ஷாட்டுகளோடு, லீக் சராசரியில் ஆடிய கற்பனை ஷாட் 1500-ஐச் சேர்த்து மறுபடி வகுக்க வேண்டும். பார்த்த ஷாட்டுகள் குறைவாக இருந்தால் எண் சராசரி பக்கம் அதிகமாக இழுபடும். நிறைய இருந்தால் கொஞ்சம்தான் இழுபடும்.

உல்மார்க்கின் 2022-23 சீசனை இப்படிச் செய்து பார்க்கலாம். 40 வெற்றி, 6 தோல்வி, கூடுதல் நேரத்தில் ஒன்று, 93.8 சதவீதம், வெசினா விருது. 49 ஆட்டத்தில் சுமார் 1400 ஷாட். அந்த ஆண்டு லீக் சராசரி சுமார் 90.4. இரண்டையும் சேர்த்தால் 92.0 வருகிறது. அடுத்த சீசனில் உண்மையில் வந்தது 91.5. 93.8-ஐ எதிர்பார்த்தவரைவிட 92.0-ஐ எதிர்பார்த்தவர் எவ்வளவோ பக்கத்தில் இருந்தார்.

இதைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. முதலாவது, லீக் சராசரியே நகர்ந்துகொண்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அது 91.5-ஐ ஒட்டி இருந்தது. 2024-25-இல் 90-ஐ ஒட்டி வந்துவிட்டது. பழைய நினைவில் "91-க்குக் கீழே இருப்பவரைத் தொடவே மாட்டேன்" என்று ஒருவர் இன்று டிராஃப்டில் உட்கார்ந்தால், சராசரிக்கு மேலே இருக்கும் பாதிப் பேரை அவரே தள்ளிவிடுவார். எந்த வருடத்தின் எண்ணையும் அந்த வருடத்துச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லா ஷாட்டும் ஒன்றல்ல. வலையிலிருந்து தொலைவில் உள்ள நீலக்கோட்டுக்கு அருகிலிருந்து அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு, அதாவது பக், ஒரு வகை; வலைக்கு இரண்டு அடி முன்னால் திருப்பிவிடப்படுவது இன்னொரு வகை. ஷாட் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்று கணித்து, உண்மையில் விழுந்ததோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. எதிர்பார்ப்பைவிட மிச்சப்படுத்திய கோல் என்று சொல்லலாம். மோசமான தற்காப்புக்குப் பின்னால் நிற்பவரை அடையாளம் காண இது உதவும். ஆனால் இதுவும் ஒரு சீசனில் அதே மாதிரி ஆட்டம் காட்டும். இதை மட்டும் பார்த்துவிட்டு உறுதியாகப் பேசுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வெற்றியை அணிதான் கொடுக்கிறது

2022-23-இல் சியாட்டில் அணிக்காக மார்ட்டின் ஜோன்ஸ் 27 வெற்றி எடுத்தார். தோல்வி 13 தான். அவருடைய சேவ் சதவீதம் 88.7! முன்னால் இருந்தவர்கள் கோல் அடித்துக் குவித்தார்கள், அவ்வளவுதான். வெற்றியை மட்டும் எண்ணும் லீக்கில் அவர் பொக்கிஷம். சதவீதத்தை எண்ணும் லீக்கில் விஷம்.

எதிர்ப்பக்கம் நாஷ்வில்லின் யூசே சாரோஸ். 2023-24-இல் 35 வெற்றி. 2024-25-இல் அணி கவிழ்ந்தபோது 20 வெற்றி, 31 தோல்வி. நியூயார்க் ரேஞ்சர்ஸின் இகோர் ஷெஸ்டர்கினுக்கும் அதுவே நடந்தது: லீக்கின் முதலிடத்தில் முடித்த அணி, அடுத்த ஆண்டு பிளேஆஃபுக்கே வரவில்லை, அவருடைய வெற்றி 36-லிருந்து 27.

கோல் சராசரியும் அணியின் குழந்தைதான். 2024-25-இல் ஃபுளோரிடாவின் செர்கெய் பாப்ரோவ்ஸ்கி 2.44 என்ற அருமையான சராசரி வைத்திருந்தார். சேவ் சதவீதம் 90.5-ஐ ஒட்டித்தான். ஃபுளோரிடா எதிரணியை அதிகம் ஷாட் அடிக்கவே விடவில்லை என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்ட அணியின் கோல்கீப்பரைப் புள்ளி முறையில், சேவ்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகமுள்ள லீக்கில் எடுத்தால் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும்.

எத்தனை இரவு நிற்பார்?

1995-96-இல் கிராண்ட் ஃபியூர் 79 ஆட்டம் ஆடினார். 2006-07-இல் மார்ட்டின் புரோடூர் 78 ஆட்டத்தில் 48 வெற்றி எடுத்துச் சாதனை படைத்தார். 2015-16-இல் பிரேடன் ஹோல்ட்பி அதே 48-ஐ 66 ஆட்டத்தில் தொட்டார். இன்று 60-ஐத் தாண்டுபவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வந்தால் ஆளை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. பல அணிகள் இருவரைக் கிட்டத்தட்டச் சமமாகவே ஆட வைக்கின்றன. அதை டேண்டம் என்பார்கள். 2026-27 முதல் சீசன் 82-லிருந்து 84 ஆட்டமாகிறது. இது முதல் கோல்கீப்பருக்குக் கூடுதல் ஆட்டம் தருமா, இரண்டாமவருக்கா என்று கேட்டால் இரண்டாமவருக்கு என்றுதான் சொல்வேன்.

ஹெல்பக்கின் தனி மதிப்பு இங்கேதான். 2021-22 முதல் 2024-25 வரை நான்கு சீசன்களிலும் 60 ஆட்டம் அல்லது அதற்கு மேல். அதில் முதல் சீசனில் சதவீதம் 91.0, வெற்றி 29 என்று கொஞ்சம் தொய்வு இருந்தபோதும் அணி அவரை உட்கார வைக்கவில்லை. ஒருவர் எத்தனை ஆட்டம் நிற்பார் என்பதைச் சேவ் சதவீதத்தைவிட நன்றாக முன்கூட்டியே ஊகிக்க முடியும். பயிற்சியாளரின் வழக்கம், இரண்டாமவர் யார், அவருக்கு என்ன சம்பளம் என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காயம் இந்த ஊகத்தையெல்லாம் ஒரே நாளில் கலைத்துவிடும். 2023 செப்டம்பர் கடைசியில், பல டிராஃப்டுகள் முடிந்த பிறகு, டாம்பா பேயின் ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கிக்கு முதுகில் அறுவை சிகிச்சை. முதல் இரண்டு மாதம் போயிற்று, திரும்பி வந்தும் 90.0 தான். அடுத்த சீசனில் 38 வெற்றி, 92.1. காயத்தோடு கிடந்த சீசனை எடை குறைத்துப் பார்த்தவர்கள் அவரைச் சற்று மலிவாக எடுத்தார்கள்.

மறுபடியும் ஸ்வேமன்

இப்போது அந்த 2024 அக்டோபரைத் திரும்பப் பார்க்கலாம். மூன்று சீசனில் 122 ஆட்டம், தோராயமாக 3500 ஷாட், கூட்டுச் சதவீதம் சுமார் 91.7. சராசரி ஷாட் 1500 சேர்த்தால் 91.3. அதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. வந்தது 89.2. இடைவெளி 2.1, வழக்கமான விலகலில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெறும் துரதிர்ஷ்டம் இவ்வளவு தூரம் தள்ளுவது கடினம். இங்கே மேலே சொன்ன கணக்கு தோற்றுப்போனது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எண்ணுக்கு வெளியே மூன்று விஷயம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

1. சம்பளப் பேச்சு இழுத்ததால் பயிற்சி முகாம் முழுவதையும் அவர் தவறவிட்டார். எட்டு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் 6. அணியின் முதல் ஆட்டம் அக்டோபர் 8.

2. அதுவரை ஒரு சீசனில் 44 ஆட்டத்துக்கு மேல் அவர் ஆடியதில்லை. நன்றாக ஓய்வெடுத்து, மாற்றி மாற்றி ஆடிய எண்கள் அவை. முழுச் சுமை ஏறினால் அதே எண் வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

3. பாஸ்டன் 65 வெற்றி எடுத்த 2022-23 அணி கலைந்துகொண்டிருந்தது. நவம்பரில் பயிற்சியாளர் ஜிம் மாண்ட்கோமரியை நீக்கினார்கள், மார்ச்சில் கேப்டன் பிராட் மார்ஷாண்டையே ஃபுளோரிடாவுக்கு விட்டார்கள். இந்த அளவுக்குப் போகும் என்று அக்டோபரில் யாருக்கும் தெரியாது; இறங்குமுகம் என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே சதவீதக் கணக்கு ஆரம்பப் புள்ளிதான். அதிலிருந்து எவ்வளவு கழிப்பது என்பதை இந்த மாதிரிச் செய்திகள் சொல்லும்.

கீப்பர் லீக்கில் விலை

அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளும் லீக்கில் கேள்வி கொஞ்சம் மாறும்: இவரை வைத்துக்கொள்ள டிராஃப்டில் எந்தச் சுற்று வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோம்?

இளம் கோல்கீப்பர்கள் விஷயத்தில் பொறுமை வேண்டும். நிஜ அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் என்.எச்.எல். டிராஃப்டில், 2012-இல், ஹெல்பக்கை 130-ஆவதாக எடுத்தார்கள். ஷெஸ்டர்கின் 2014-இல் 118-ஆவது. பாப்ரோவ்ஸ்கியை யாருமே எடுக்கவில்லை. பின்னாளில் இரண்டு வெசினா வாங்கினார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தேடும் அணிகளுக்கே இதில் இவ்வளவு தடுமாற்றம் என்றால், 19 வயதுப் பையன் ஒருவனுக்காக நாம் இடத்தை நான்கு வருடம் பூட்டி வைப்பது அதிக விலை.

வயதானவர்களை விற்பதிலும் அவசரம் கூடாது. 2019 ஜூலையில் பாப்ரோவ்ஸ்கி ஃபுளோரிடாவுக்கு ஏழு வருட ஒப்பந்தத்தில் வந்தார், ஆண்டுக்கு ஒரு கோடி டாலர். முதல் சீசனில் 90.0 சதவீதம். 2021-22-இல் 39 வெற்றி. 2022-23-இல் மறுபடி 90.1, ஏப்ரலில் பெஞ்சில் உட்கார்ந்து அலெக்ஸ் லயன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசந்தத்தில் 34 வயதான அவரைக் கைவிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் போட்டியாக வேறு முதல்நிலைக் கோல்கீப்பரை அணி கொண்டுவரவில்லை, முன்னால் நிற்கும் அணியும் கலையவில்லை. 2023-24-இல் 36 வெற்றி, 91.5 சதவீதம்.